ஒரே மேசையின் இரண்டு லாச்சிகள்

அன்பு மகனே,

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. நேற்றுத்தான் உன்னைப் பார்த்தேன். மழையில் ஊறிப்போய், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "அம்மா, ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாய். நான் "முதல்ல தலையத் துடை" என்றேன். பிறகு தேத்தண்ணி ஊற்றவா என்றேன். பிறகு மருமகளுக்கு இருமல் நின்றதா என்று கேட்டேன். நான் நழுவுகிறேன் என்று உனக்குத் தெரியாமலா இருக்கும்? அதற்குள் உன் போன் அடித்தது. யாரோ எங்கேயோ பிரியாணிக்குக் காத்திருந்தார்கள், நீ போய்விட்டாய். நீ போன பிறகு அந்த ஈரக் கால்தடத்தைத் துடைத்துக்கொண்டே, இதை எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் எழுதியே பழகியவள். கண்டி டவுனில் ஒரு தொழிற்சங்கக் காரியாலயத்தில் டைப்பிஸ்டாகப் போய்ச் சேர்ந்து, தலை நரைத்து வெளியே வந்தவள். அடுத்தவர் குறையை எழுதுவதில் கை தேய்ந்ததே தவிர, என் மனதில் இருப்பதை எழுத இதுவரை யாரும் கேட்கவில்லை. இப்போது நீ கேட்டிருக்கிறாய். மாநகர சபைத் தேர்தலில் நிற்க ஒரு கட்சி உன்னைக் கூப்பிடுகிறது, போகலாமா வேண்டாமா என்பதுதான் கேள்வி. ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நீ நம்ப வேண்டுமென்றால் நான் கொஞ்சம் பின்னால் போய் வர வேண்டும். இதை உன் கூட்டாளிகள் மத்தியில் நீ சத்தமாக வாசித்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஒளிக்க ஒன்றும் கிடையாது, எழுத்துதான் கோணல். மெஷினில் அடித்துப் பழகிய விரல்கள், பேனா பிடித்தால் சண்டித்தனம் செய்கின்றன.

சஃப்வானை ஆஸ்பத்திரியில் பார்த்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். அலவத்துகொடையிலிருந்து வந்து உன்னோடு மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டு ஓடும் அந்தப் பிள்ளை, யாருடைய இராச் சாப்பாட்டையோ சுமந்துகொண்டு போகையில் கட்டுகஸ்தோட்டை இறக்கத்தில் சறுக்கி விழுந்து கால் முறிந்து கிடந்தான். ஓடர் கொடுக்கும் கம்பெனியில் இருந்து போனுக்கு ஒரு செய்தி வந்ததாம். நீங்கள் எங்கள் தொழிலாளி அல்ல, பார்ட்னர், ஆகவே ஆஸ்பத்திரிச் செலவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று. ஓடரை முடிக்காததற்கு அவனுடைய கணக்கையும் நிறுத்திவிட்டார்கள். நான் சூப் கொண்டு போனபோது அவன் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். "நீங்க சங்கத்துல வேல செஞ்சீங்களாமே ஆன்ட்டி. அப்ப யாருக்கு மனு குடுப்பீங்க?" என்று கேட்டான். "தோட்டத்து துரைக்கு" என்றேன். "எங்களுக்கு துரையும் இல்ல, கந்தோரும் இல்ல. இந்தப் போன் மட்டும்தான் ஈக்கி" என்று தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினான். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சுதான் என்னோடு வந்தது. நான் பார்த்த காலத்தில் அநியாயம் செய்தவனுக்கு ஒரு முகமாவது இருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பான், நாய் வளர்ப்பான், ஆனால் போய்க் கத்துவதற்கு ஒரு கந்தோர் வாசல் இருந்தது. உங்களுக்கு அதுவும் இல்லையே.

அதற்குப் பிறகு நீங்கள் செய்த காரியத்தை நான் இதுவரை உன்னிடம் மெச்சிப் பேசவில்லை. மெச்சினால் தலைக்கனம் வரும் என்ற பயம். இப்போது சொல்கிறேன். சாப்பாட்டு நேரத்தில், கொட்டுகிற மழையில், கூட்ஸ்ஷெட் பஸ் தரிப்பிடத்துப் பக்கம் மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்திவிட்டு, எல்லோரும் ஒன்றாகப் போனை அணைத்தீர்கள். ஹேவாஹெட்டத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்த பிள்ளைகள், அக்குறணைப் பக்கத்துப் பிள்ளைகள், சிங்களப் பிள்ளைகள், எல்லோரும். பசித்தவர்கள் கம்பெனியைத் திட்டத் தொடங்கிய பிறகுதான் கொழும்பிலிருந்து கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். சஃப்வானின் செலவை ஏற்றுக்கொண்டார்கள், கணக்கைத் திறந்துவிட்டார்கள். உன் கூட்டாளிகள் அந்த இடத்திலேயே ஒரு சங்கம் அமைத்து, உன்னைச் செயலாளர் என்று கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். நீ வந்து சொன்னபோது நான் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கியதற்கு மிளகாயைக் காரணம் சொன்னேன். அது மிளகாய் இல்லை, தம்பி.

அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் கட்சிக்காரர் வந்துவிட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கேக் பெட்டியைக் கொடுத்து, கதிரையின் நுனியில் மரியாதையாக உட்கார்ந்து, "அம்மா, உங்க மகன் சபைக்குள்ள வந்தா உழைக்கிறவனுக்கு ஒரு குரல் கெடைக்கும்" என்றார். சரி என்றேன். "சங்கத்தையும் அவரே வச்சிக்கலாம். ரெண்டும் ஒரே ஆளு கையில இருந்தா வேலை சுகம்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் பழைய காரியாலயம் ஞாபகம் வந்தது. அவர் போன பிறகு நீ கேக்கை வெட்டினாய். எனக்கு இறங்கவில்லை. சீனி வியாதிக்கு ஆகாது என்று பொய் சொன்னேன்.

இரண்டும் ஒரே கையில் இருந்ததை நான் கிட்ட இருந்து பார்த்தவள். எங்கள் சங்கம் ஒன்றும் பெரிய சங்கம் அல்ல. கடைத் தெருவில் ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டு அறை. படிக்கட்டு ஏறியவுடன் ஒரு நீள வாங்கு. அதில் தோட்டங்களிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தலைவரும் அந்த வாங்கில்தான் உட்கார்ந்து பேசுவார். உள்ளே அவருக்கு மேசை இருந்தது, அதில் பத்திரிகைக் கட்டுதான் கிடக்கும். யார் தோட்டத்தில் எந்த லயத்து வீட்டின் கூரை ஒழுகுகிறது, எந்தக் கங்காணி பெண்களிடம் வாய் நீட்டுகிறான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். துரைமாரோடு பேச்சுவார்த்தை என்றால் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசிவிட்டு, திரும்பி நம் ஆட்களைப் பார்த்துத் தமிழில் அதையே சொல்லுவார், தன்னை நம்பி வந்தவர்களுக்கு விளங்காமல் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று. இப்படிப்பட்ட ஒருவரைத்தான் நாங்கள் மாகாண சபைக்கு அனுப்பினோம். கெட்டவரை அனுப்பி ஏமாந்திருந்தால் இவ்வளவு அலுப்பு எனக்கு வந்திருக்காது.

அனுப்பியது பிழை என்றும் நான் சொல்ல மாட்டேன். நம் மலையகத்து ஆட்களுக்கு ஓட்டு இல்லாத காலம் ஒன்று இருந்தது. அப்போது சங்கம்தான் ஓட்டு, சங்கம்தான் கோர்ட்டு, சாவு வீட்டுக்கு லீவு வாங்கித் தருவதும் சங்கம்தான். யாரையும் கேட்காமல், இரண்டு நாட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து, இவர்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டார்கள். என் பெரியம்மா குடும்பத்தை ரயில் ஏற்றிவிடப் போனபோது நான் பாவாடை தாவணி கட்டுகிற வயது. பெரியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "யாரு இதச் சொன்னாங்க? எங்கிட்ட யாரும் கேக்கலியே" என்று சொல்லிக்கொண்டே போனார். நம்மைப் பற்றிப் பேசுகிற இடத்தில் நம் ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை யாரும் எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. ஆகவே பிறகு ஓட்டு வந்தபோது சங்கம் தேர்தலுக்குப் போனதும், நாங்கள் வெடி கொளுத்தியதும் நியாயம்தான். தலைவர் மாகாண அமைச்சர் ஆன அன்று வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் "உக்காருங்க, உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். அதன் பிறகு அந்த வாங்கில் அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

படிக்கட்டின் கீழே சங்கத்தின் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வந்தது, அமைச்சரின் இணைப்புக் காரியாலயம் என்று. புது ஆள் எடுக்கவில்லை, வாடகையும் சம்பளமும் மிச்சம் என்று நானே இரண்டையும் பார்த்தேன். என் மேசைக்கு இரண்டு லாச்சி. இடது லாச்சியை இழுத்தால் சங்கத்தின் கடிதத்தாள். வலது லாச்சியை இழுத்தால் அமைச்சின் கடிதத்தாள். எனக்கு அப்போது அது பெருமையாகக்கூட இருந்தது. உன் அப்பா மட்டும் கடையை மூடிவிட்டு வந்து சாப்பிடும்போது, "இன்னைக்கு எந்தப் பக்கத்து உத்தியோகம்?" என்று கேலி செய்வார்.

அந்தச் சமயத்தில்தான் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பாக்கியம் அக்கா வந்தார். கொழுந்து பறிக்கிறவர், அந்தத் தோட்டத்து மாதர் தலைவி. மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் மண்மேடு வெடித்திருக்கிறது, மழை வலுத்தால் சரிந்துவிடும், காம்பராவை வேறு இடத்துக்கு மாற்றித் தர வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. புதுக் கட்டடம் என்றால் அது அரசாங்கத்தின் பாடு என்று தோட்ட நிர்வாகம் கையை விரித்துவிட்டது. நான் இடது லாச்சியை இழுத்து மனுவை அடித்தேன். மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு, இப்படிக்கு சங்கத் தலைவர். தலைவர் வந்ததும் கையெழுத்து வைத்தார். இரண்டு கிழமை கழித்து, நிலுவையில் இருக்கும் கடிதங்களுக்கெல்லாம் பதில் போடச் சொன்னார். வலது லாச்சியை இழுத்தேன். சங்கத் தலைவர் அவர்களுக்கு, தங்கள் கடிதம் கிடைத்தது, உரிய கவனத்துக்கு எடுக்கப்பட்டு ஆவன செய்யப்படும், இப்படிக்கு அமைச்சர். அதிலும் அவரே கையெழுத்து வைத்தார். தபாலில் போட வேண்டிய வேலைகூட இல்லை. நானே அமைச்சுக்கு என்று முத்திரை குத்தினேன், நானே சங்கத்துக்கு என்று முத்திரை குத்தினேன். சிரிப்பு வந்தது. நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். "என்ன பிள்ள செய்ய, ரெண்டு பக்கமும் நான்தானே" என்றார்.

பாக்கியம் அக்கா மறுபடி வந்தபோது அந்தப் பதிலை வாசித்துக் காட்டினேன். அவர் தாளை வாங்கி, கோப்பில் இருந்த மனுவையும் எடுக்கச் சொல்லி, இரண்டு கடிதத்தின் அடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஏம்மா, ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கே" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப இவரு ஒரு கையால குடுத்து மறு கையால வாங்கிக்கிட்டாரு. எங்க கைக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். அப்படியானால் வேலைநிறுத்தம் செய்யலாமா என்று அவரும் தோட்டத்துப் பெண்களும் தலைவரிடமே போய்க் கேட்டார்கள். அவர் நிதானமாகத்தான் விளக்கம் சொன்னார். "அரசாங்கத்துக்குள்ள நாமளே இருக்கோம். நமக்கு எதிரா நாமளே ஸ்ட்ரைக் பண்றதா? கொஞ்சம் பொறுங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனதறிந்த உண்மை அதுதான். சங்கம் இருந்தும் சங்கம் இல்லாமல் போனது அந்த இடத்தில்தான் என்று எனக்கு அப்போது படவில்லை.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? மழை தொடங்கிய ஒரு நாள் காலையில், அந்தத் தோட்டத்துத் தாய்மார் பிள்ளைகளைக் காம்பராவில் விடவில்லை. நேரே துரை இருக்கும் தோட்டத்துக் கந்தோருக்குப் போய், துரையின் விறாந்தையில் பாய் விரித்து, குழந்தைகளையெல்லாம் உட்கார வைத்து, ஆயாவையும் பால் போத்தல்களையும் அங்கேயே விட்டுவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு வழக்கம்போல மலைக்குப் போய்விட்டார்கள். வேலைநிறுத்தம் இல்லை. ஒருவரும் வேலைக்கு வராமல் இருக்கவில்லை. குழந்தைகள் மட்டும் துரையின் விறாந்தையில் அழுதன, மூத்திரம் பெய்தன, பைல்களை இழுத்தன. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள், பூட்டிக் கிடந்த ஒரு பழைய கணக்கப்பிள்ளை வீட்டைத் திறந்து வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு நம் தலைவர் போனார். ஆளுயர மாலை, தவில், நாதஸ்வரம். சுவரில் அவர் பெயர் பொறித்த கல். ஆலாத்தித் தட்டு ஏந்தி அவருக்குப் பொட்டு வைத்தது யார் என்று நினைக்கிறாய்? பாக்கியம் அக்காதான். நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். அக்கா தட்டைச் சுற்றியபோது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

பாக்கியம் அக்காவை ஏன் ஒருவரும் சபைக்கு அனுப்பவில்லை என்று நீ கேட்கலாம். சங்கத்தில் பாதிக்கு மேல் பெண்கள். மேடையில் ஆலாத்தி எடுக்கும் நேரம் தவிர மற்ற நேரம் எல்லாம் ஆண்கள். ஒரு தடவை நான் அவர் பெயரைச் சொன்னேன். அறையில் இருந்தவர்கள் நான் பகிடி விட்டதாக நினைத்துச் சிரித்தார்கள். பிறகு அடுத்த தேர்தலில் தலைவர் தோற்றார். அதற்கு அடுத்ததில் அவர் மகன் நின்றார். அந்த மகனுக்கு லயமும் தெரியாது, வாங்கும் தெரியாது. பலகைகள் இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கின. நான் வெளியே வரும்போது இரண்டு லாச்சியிலும் மிச்சத் தாள்கள் கிடந்தன. அள்ளி வந்து உனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கக் கொடுத்தேன். நீ அதன் பின்பக்கத்தில்தான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தாய்.

எனக்கு அலுத்துவிட்டது, தம்பி. அதை மறைத்து உன்னை உற்சாகப்படுத்த எனக்குத் தெம்பில்லை. வாழ்நாள் முழுக்க நான் அடித்த மனுக்களை அடுக்கினால் இந்த வீட்டில் நடக்க வழி இருக்காது. அவற்றில் பலித்தவை எவை என்று யோசித்தால், பின்னால் பாய் விரிக்க ஆட்கள் இருந்த மனுக்கள்தான். அதற்காக, வெளியே நின்றே எல்லாவற்றையும் வாங்கிவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. சஃப்வானைப் பார்ட்னர் என்று கூப்பிடவிடும் சட்டத்தை மோட்டார் சைக்கிளை வரிசையாக நிறுத்தி மாற்ற முடியாது. அதற்கு ஒரு நாள் யாராவது பாராளுமன்றம் வரை உள்ளே போகத்தான் வேண்டும். நீங்கள் நனையாமல் நிற்க டவுனில் ஒரு கூரை வேண்டுமென்றால் அதற்கும் சபையில் ஒருவர் எழுந்து பேச வேண்டும். இதுவரை நம்மவர்கள் நம் சனத்தின் ஆளாகப் போனார்கள், வேலை செய்கிறவர்களின் ஆளாகப் போனது குறைவு. உன்னைக் கை தூக்கித் தேர்ந்தெடுத்தவர்களில் மூன்று விதப் பேச்சு இருந்தது. அதை நான் என் காலத்தில் பார்க்கவில்லை. அந்த ஒன்றுதான் இந்த அலுப்புக்குள்ளும் என்னை எழுதவைக்கிறது.

ஆகவே என் பதில் இது. போ. ஆனால் பெயர் கொடுக்கப் போகும் முன்னால் சங்கச் செயலாளர் பதவியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போ. பெயருக்கு ஒருவரை நிறுத்திவிட்டு நீ பின்னால் இருந்து ஆட்டுவதாக இருந்தால் வேண்டாம். உன்னைக் கண்டு எழுந்து நிற்காத ஒருவராகப் பார். உனக்கு எதிராகவே மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனை அணைக்கத் துணிந்தவராகப் பார். சஃப்வானுக்கு வாய் கொஞ்சம் நீளம், உன்னையே எதிர்த்துப் பேசுகிறான் என்று நீ குறைப்பட்டாய். அது குறை இல்லை. உங்களோடு ஓடும் அந்தக் குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண் பிள்ளையையும் நினைத்துப் பார். அவள் பெயரை நீ சொல்லும்போது மற்றவர்கள் சிரித்தால், யார் சிரிக்கிறார்கள் என்று கவனித்து வை. உனக்குக் கெட்ட புத்தி வந்துவிடும் என்று நான் பயப்படவில்லை. எங்கள் தலைவருக்கும் கெட்ட புத்தி வரவில்லை. அவருக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான். என் பிள்ளைக்கு அந்த நிலை வர நான் உயிரோடு இருக்கும்வரை விட மாட்டேன்.

நேற்று நீ போன பிறகு ஒரு மனு எழுதினேன். கூட்ஸ்ஷெட் பக்கம் சாப்பாடு கொண்டு ஓடும் பிள்ளைகளுக்கு மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும், பெண் பிள்ளைகள் போக ஒரு கழிப்பிடமும் வேண்டும் என்று. நீ வென்றால் உன் காரியாலயத்துக்கு வரும் முதல் மனு அதுதான். நானே கொண்டு வருவேன். வாசலில் வாங்கு இருந்தால் அதில் உட்காருவேன், இல்லாவிட்டால் நிற்பேன். உன் அம்மா என்று முந்தி உள்ளே கூப்பிடாதே. ஆவன செய்யப்படும் என்று பதில் எழுதினால் நான் விறாந்தையில் பாய் விரிப்பேன். அந்த மனுவின் அடியில், பிரதி சங்கச் செயலாளருக்கு என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வரும்போது அந்தப் பெயரைச் சொல். யார் பெயராகவும் இருக்கட்டும், உன் பெயராக மட்டும் இருக்கக் கூடாது.

அம்மா